நம்ம ஹீரோ எவ்வளவு பெரிய ஹீரோவா இருக்கணும்? பகடை உருட்டும் கதை விளையாட்டில் 50 வருஷப் பஞ்சாயத்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வெள்ளானூரில், காலேஜ் பஸ்கள் போய்வரும் ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு வாடகை வீட்டு மாடி ரூம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நண்பர்கள். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து, பாதித் தூக்கத்தோடு வந்திருக்கிறார். இன்னொருவர் ஆவடியில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். நடுவில் பேப்பர், பென்சில், கொஞ்சம் பகடைகள், ஒரு தட்டு மிக்சர்.

முதல் முறையாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடப் போகிறார்கள். பழைய ரூல்ஸ்படி பகடை உருட்டி ஆளுக்கு ஒரு கேரக்டர் உருவாக்குகிறார்கள். ஒருவருக்கு 17, 16 என்று வந்து குவிகிறது. ஷிப்ட் முடித்து வந்தவருக்கு ஆறு தடவை உருட்டியும் 11-ஐத் தாண்டவில்லை. "பரவால்ல மச்சான், கதைதானே முக்கியம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்.

இருபதாவது நிமிடம், குகை வாசலில் ஒரு குட்டிப் பூதம் அடித்த ஒரே அடியில் 11-காரர் காலி. மீதி இரண்டரை மணி நேரம் அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 17-காரர் ஒரே ஆளாகக் குகையைச் சுத்தம் செய்கிறார். அடுத்த வாரம் கூப்பிட்டால், "கொஞ்சம் வேலை இருக்குடா" என்று பதில் வருகிறது.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் இந்த விளையாட்டு இருக்கும் ஊரில் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் ஆடும் கேரக்டர் ஊர் உலகத்தில் இருக்கும் சாதாரண ஆளா, இல்லை பிறக்கும்போதே தனி ரகமா? இந்த ஒரு கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லாமல் ஆரம்பிக்கும் மேசைகள் சீக்கிரம் கலைந்துவிடுகின்றன.

முதலில், இது என்ன விளையாட்டு?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டே ஆடுவார்களே, அதேதான். பெயர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், குதித்தீர்களா விழுந்தீர்களா என்பதைப் பகடை சொல்லும்.

ஸ்கிரீன் தேவையில்லை, ஜெயித்தவர் தோற்றவர் என்ற கணக்கும் பெரும்பாலும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை வாயால் கட்டுகிறார்கள். அதனால்தான் யார் எவ்வளவு பெரிய ஆள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. வீடியோ கேமில் செத்தால் ரீஸ்டார்ட் செய்யலாம். இங்கே செத்தால், நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் வெளியே.

மூன்று பகடையின் கணக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அதில் ஒவ்வொரு கேரக்டருக்கும் வலிமை, அறிவு, சுறுசுறுப்பு என்று ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்ட வேண்டும். குறைந்தது 3, அதிகபட்சம் 18.

சராசரி 10.5. முழு 18 விழ வாய்ப்பு 216-ல் ஒன்று. 15 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு சுமார் 9 சதவீதம். அதாவது, இந்த முறையில் பெரும்பாலும் கிடைப்பது நம்மைப் போன்ற ஆள்தான்.

உயிரும் அப்படித்தான். அந்த முதல் ரூல்ஸில் புதிதாகத் தொடங்கும் மந்திரவாதிக்கு ஒரே ஒரு பகடை அளவு உயிர். எந்த ஆயுதம் பட்டாலும் சேதமும் ஒரே ஒரு பகடை அளவு. கணக்குப் போட்டால், ஒரு அடி பட்டாலே ஆள் காலியாகும் வாய்ப்பு சுமார் 58 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தால்கூடப் பிழைக்க இதைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

நான்காவது படியில்தான் 'ஹீரோ'

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. பழைய ரூல்ஸில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் உண்டு. போர்வீரன் முதல் லெவலில் வெறும் 'வெட்டரன்', அதாவது ஏற்கெனவே சண்டை பார்த்த ஆள். 'ஹீரோ' என்ற பட்டம் நான்காவது லெவலில்தான் கிடைக்கும். 'சூப்பர்ஹீரோ' எட்டாவதில்.

இது எங்கிருந்து வந்தது? இதற்கு முன் 1971-ல் கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரன் இருவரும் எழுதிய 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படைப் போர் விளையாட்டில் இருந்து. அதில் ஒரு ஹீரோ நான்கு வீரர்களுக்குச் சமம். ஒரு சூப்பர்ஹீரோ எட்டுப் பேருக்குச் சமம். கணக்கு அவ்வளவு நேரடியானது.

ஆக, முதல் நாளில் நீங்கள் ஹீரோ இல்லை. ஹீரோ ஆகலாம் என்று கிளம்பிய ஆள். போய்ச் சேர்வீர்களா என்பதுதான் விளையாட்டே.

படைத்தவரே மனம் மாறினார்

சாதாரண ஆளாகவே ஆடுவது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. 1978-ல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் ஒரு விஷயத்தை எழுதினார்: குறைந்தது இரண்டு திறன்களாவது 15-ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் கேரக்டர் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் மூன்று பகடை முறையில் அப்படி ஒரு ஆள் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? சுமார் 10 சதவீதம். பத்துப் பேர் உருட்டினால் ஒருவருக்கு. அதனால் அடுத்த ஆண்டு வந்த கேம் மாஸ்டர் கையேட்டில் வேறு வழிகள் தரப்பட்டன. அதில் பிரபலமானது இது: நான்கு பகடை உருட்டு, குறைந்ததைத் தூக்கிப் போடு, மீதி மூன்றைக் கூட்டு.

ஒரே ஒரு பகடைதான் கூடியது. ஆனால் சராசரி 10.5-ல் இருந்து சுமார் 12.2-க்கு ஏறுகிறது. இரண்டு திறன்கள் 15-ஐத் தொடும் வாய்ப்பு 10 சதவீதத்தில் இருந்து சுமார் 42 சதவீதத்துக்குத் தாவுகிறது. தெருவில் போகிற ஆள், தெருவே திரும்பிப் பார்க்கும் ஆளாகிவிட்டார்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே. பகடையே வேண்டாம், 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் உண்டு. அந்த உலகத்தின் சாதாரணக் குடிமகனுக்கு எல்லாத் திறனும் 10, உயிர் 4. உங்கள் முதல் லெவல் போர்வீரனுக்கு உயிர் 10-ல் தொடங்கும், உடல் வலு நன்றாக இருந்தால் 12 வரை சுலபமாகப் போகும். உயிர் பூஜ்ஜியமானாலும் உடனே சாவு கிடையாது. பகடை உருட்டிப் போராட வாய்ப்பு உண்டு. மூன்று முறை தோற்றால்தான் முடிவு.

அதாவது இன்றைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நீங்கள் தொடங்கும்போதே ஊரில் முக்கியமான ஆள். அந்தப் பதிப்பே லெவல்களை இப்படிப் பிரிக்கிறது: 1 முதல் 4 வரை உள்ளூர் ஹீரோ, 5 முதல் 10 வரை நாட்டுக்கே ஹீரோ, 17-க்கு மேல் உலகத்தையே ஆட்டிவைப்பவர்.

எலி பிடிப்பவரும் லைப்ரரியனும்

எல்லா விளையாட்டும் இந்தப் பக்கம் போகவில்லை. 1977-ல் வந்த 'டிராவலர்' விண்வெளி விளையாட்டில் உங்கள் கேரக்டர் பெரும்பாலும் ராணுவத்திலோ கடற்படையிலோ பல வருஷம் வேலை பார்த்து வெளியே வந்த நடுத்தர வயதுக்காரர். ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆட்களை நன்றாகத் தெரியும். கையில் பென்ஷன், மனதில் நூறு கதை, "அடுத்து என்ன பண்றது?" என்ற கேள்வி. பழைய ரூல்ஸ்படி, கேரக்டர் உருவாக்கும்போதே சர்வீஸில் இறந்துபோகும் வாய்ப்பும் உண்டு. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே!

1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுலு' திகில் விளையாட்டில் ஹீரோக்கள் பத்திரிகையாளர், பேராசிரியர், லைப்ரரியன். அவர்கள் எதிர்கொள்வது மனிதப் புத்திக்கு எட்டாத சக்திகளை. உயிர் மட்டுமல்ல, மனநிலையும் ஒரு எண்ணாகக் குறைந்துகொண்டே வரும். இங்கே ஹீரோ பலசாலியாக இருந்தால் பயமே வராது, விளையாட்டும் செத்துவிடும்.

1986-ன் 'வார்ஹேமர்' ரோல்பிளே விளையாட்டில் பகடை உருட்டினால் எலி பிடிப்பவர் வேலைகூடக் கிடைக்கும், கூடவே ஒரு நாய். 2012-ல் வந்த 'டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்' இன்னும் கொடூரம். ஆளுக்கு மூன்று, நான்கு விவசாயிகள், கொல்லர்கள் என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் குகைக்குள் அனுப்ப வேண்டும். உயிரோடு வெளியே வருபவர்தான் உங்கள் முதல் லெவல் ஹீரோ. நாலு பேர் செத்த பிறகு மிஞ்சிய அந்த எடுபிடி மேல் வரும் பாசம் தனி.

வந்தியத்தேவன் எந்த லெவல்?

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்கு உரியவர் ஆதித்த கரிகாலன். தலைப்பில் இருப்பவர் அருள்மொழி. ஆனால் கதை யார் தோளில் ஏறிப் போகிறது? ஒரு குதிரை, ஒரு வாள், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஓலை, அடக்க முடியாத வாய் – இவ்வளவுதான் சொத்து என்று வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று வந்து நிற்கும் வந்தியத்தேவன் தோளில்.

அவர் சும்மா ஆளும் இல்லை. வாணர் குலத்தவர், நல்ல வீரர், இளவரசரின் நம்பிக்கைக்கு உரியவர். ஆனால் குலத்துக்கு ராஜ்ஜியம் இல்லை, கையில் அதிகாரம் இல்லை. கடம்பூரில் சதிக் கூட்டத்தைப் பார்த்தது தற்செயல். தஞ்சைக் கோட்டைக்குள் போக இன்னொருவர் கொடுத்த மோதிரம் வேண்டியிருக்கிறது. மாட்டிக்கொண்டால் பேசியோ ஓடியோதான் தப்பிக்க வேண்டும்.

ஒரு ஆட்டக்காரரின் கண்ணோடு பாருங்கள்: இதுதான் கச்சிதமான கேரக்டர். அரண்மனைக்குள் நுழைய முடிகிற அளவுக்குப் பெரியவர், உள்ளே போனதும் நமக்கு வயிறு கலங்குகிற அளவுக்குச் சின்னவர். அருள்மொழியை நீங்கள் ஆடினால், கதவுகள் தானாகத் திறக்கும். திறக்காத கதவுதானே விளையாட்டு?

கர்ணன் மாதிரி ஆடலாமா?

தாராளமாக. கவசமும் குண்டலமும் உடம்போடு பிறந்தவன் கர்ணன். பகடை மொழியில் சொன்னால் எல்லாம் 18. கூத்தில் கர்ணன் சாவதைப் பார்க்க விடிய விடிய உட்காரும் ஜனம், அவன் பலவீனமானவன் என்பதால் உட்காரவில்லை.

அவன் கதையில் பதற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. "பிழைப்பானா?" என்பதல்ல, "எதை விட்டுக்கொடுப்பான்?" என்பதுதான் கேள்வி. கேட்டவனுக்குக் கவசத்தையே அறுத்துக் கொடுக்கிறான். அண்ணன் தம்பி என்று தெரிந்த பிறகும் நண்பன் பக்கமே நிற்கிறான். பலம் கூடக்கூட, கேள்விகள் உடம்பில் இருந்து மனசுக்கு இடம் மாறுகின்றன.

இதைப் பல கேம் மாஸ்டர்கள் கோட்டை விடுகிறார்கள். சூப்பர்ஹீரோ கேரக்டர்களைக் கொடுத்துவிட்டு, அவர்கள் முன்னால் இன்னும் பெரிய பூதத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். எண்கள் பெரிதாகின்றன, சண்டை அதே சண்டையாக இருக்கிறது. தெருமுனைக் காவலாளிகூட உங்கள் லெவலுக்கு ஏற்ப பலசாலி ஆகிவிட்டால், நீங்கள் வளர்ந்ததற்கே அர்த்தம் இல்லை.

நடுகல் சொல்லும் கணக்கு

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது நம் மண்ணிலேயே கல்லில் பொறித்து வைக்கப்பட்டிருக்கிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று, மாடு பிடிக்கும் பூசலில் இறந்த ஒருவருக்கு எடுத்தது. அவர் அரசர் இல்லை. தருமபுரி, செங்கம் பக்கம் கிடைத்த ஏராளமான நடுகற்களும் இப்படித்தான்: மாடு மீட்கப் போனவர், ஊரைக் காக்க நின்றவர். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லில், வீரனோடு சேர்ந்து திருடர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது.

வார்ஹேமரின் எலி பிடிப்பவரையும் அவர் நாயையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கற்கள் யாருடைய திறனையும் எண்ணால் அளக்கவில்லை. அந்த ஆள் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கின்றன. எல்லாரும் பின்வாங்கியபோது ஒருவர் முன்னால் போனார். விசேஷம் பிறப்பில் இல்லை, அந்த ஒரு முடிவில் இருக்கிறது. திறன் சராசரி 10.5-ஆக இருந்தாலும் அந்த முடிவை எடுக்கலாம். அப்போது அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அப்படியானால் சண்டை எங்கே வருகிறது?

வெள்ளானூர் மாடிக்குத் திரும்புவோம். அங்கே நடந்த தப்பு, 11-காரர் பலவீனமாக இருந்தது அல்ல. ஐந்து பேரும் 11-காரர்களாக இருந்திருந்தால், பூதத்தைப் பார்த்ததும் கூட்டமாக யோசித்திருப்பார்கள். கண்ணி வைத்திருப்பார்கள், பேரம் பேசியிருப்பார்கள், "ஓடுங்கடா" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடியிருப்பார்கள். செம கலாட்டாவாக இருந்திருக்கும். ஐந்து பேரும் 17-காரர்களாக இருந்திருந்தால் அதுவும் ஜாலிதான்.

பிரச்சினை இரண்டு இடத்தில். ஒன்று, ஒரே மேசையில் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி. ஒருவர் நாயகன், மற்றவர் அவர் பின்னால் குடை பிடிப்பவர் என்று பகடை தீர்மானித்துவிட்டது. வாரம் ஆறு நாள் இன்னொருவர் சொன்னதைச் செய்துவிட்டு, ஏழாவது நாளும் வேடிக்கை பார்க்க யார் வருவார்கள்?

இரண்டு, சொல்லாமல் விட்ட எதிர்பார்ப்பு. ஒருவர் 'பாகுபலி' பார்க்கும் மனநிலையில் வந்தார். இன்னொருவர் உயிர் பிழைக்கும் கதைக்குத் தயாராக வந்தார். இருவரும் தப்பில்லை. வேறு வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஒரே தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இடைவெளி வேண்டும் என்றே விரும்பினால் அதற்கும் வழி உண்டு. 1987-ல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' விளையாட்டில் மந்திரவாதிகள் மிகப் பெரிய சக்தி படைத்தவர்கள். கூட வரும் காவலாட்கள் சாதாரணமானவர்கள். ஆனால் யாரும் நிரந்தரமாகக் காவலாளி இல்லை. இந்த வாரம் நீங்கள் மந்திரவாதி என்றால், அடுத்த வாரம் நான். முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் மேசைக்கு என்ன செய்யலாம்?

முதல் ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் சும்மா பேசுங்கள். ஆட்டக்காரர்கள் இதை 'செஷன் ஜீரோ' என்பார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்:

• நம்ம கேரக்டர் சாகலாமா? செத்தால், எத்தனை நிமிடத்தில் புது கேரக்டரோடு திரும்பி வரலாம்? யாரையும் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

• ஊர்க்காரர்கள் நம்மைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? "யாரோ பசங்க" என்றா, "ஐயா வந்துட்டாரு" என்றா? எண்களைவிட இந்தப் பதில் கதையின் அளவைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

• எல்லாரும் ஒரே உயரத்தில் தொடங்குகிறோமா? ஆம் என்றால் எல்லாருக்கும் ஒரே எண்களைக் கொடுத்துவிடுங்கள். உருட்டும் த்ரில்லும் வேண்டும் என்றால், எல்லாரும் சேர்ந்து ஒரு செட் உருட்டி, அதையே அனைவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒவ்வொருவருக்கும் மற்றவரால் முடியாத ஒரு வேலை இருக்கிறதா? பூட்டு திறப்பது, பேசி மயக்குவது, காட்டுப் பாதை தெரிவது, எதுவானாலும் சரி. "இவன் இல்லாம முடியாது" என்ற ஒரு கணமாவது ஒவ்வொருவருக்கும் வர வேண்டும்.

• 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்ற தீர்க்கதரிசனக் கதை வேண்டுமா? வேண்டுமென்றால் தீர்க்கதரிசனம் ஐந்து பேரையும் குறிக்கட்டும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை ரூல்ஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் 5.1 விதித்தொகுப்பு 2023 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இருக்கிறது. இருபது முகப் பகடை இல்லையென்றால் போனில் ஆப் போதும்.

டிராகனும் கோட்டையும் அந்நியமாகத் தெரிந்தால், கதையை நம்ம ஊரிலேயே வையுங்கள். ஒரு லேத் ஆபரேட்டர், ஒரு நர்ஸ், ஒரு ரிட்டயர்டு ஹவில்தார், ஃபைனல் இயர் ஸ்டூடன்ட். புழல் ஏரிக்கரையில் ராத்திரி ஒரு வெளிச்சம் தெரிகிறது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஊர் எல்லையில் முனீஸ்வரன் கோயில் விளக்கு மட்டும் எரிகிறது. இவர்களில் யாருக்கும் 18 இல்லை.

அங்கே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி வாங்கடா, என்னன்னு பார்த்துட்டு வந்துடுவோம்" என்று சொல்வார். உங்கள் ஹீரோ யார் என்று அப்போது தெரிந்துவிடும். பகடையை அதற்கு அப்புறம் உருட்டினால் போதும்.

இந்த முறை, நைட் ஷிப்ட் முடித்து வந்தவரிடம் முதலில் கேளுங்கள்.